வீட்டு மருந்தும் பள்ளி ஒழுங்கும்: அமெரிக்க மாணவர் உரிமையின் வரலாறு

அமெரிக்காவின் பல பள்ளிகளில் மாணவர் ஒருவர் முன் அனுமதியின்றித் தம் பையில் ஒரு தலைவலி மாத்திரை வைத்திருப்பதும் விதிமீறலாகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து, கடையில் சீட்டின்றி வாங்கிய மருந்து, தடை செய்யப்பட்ட போதைப்பொருள் ஆகிய மூன்றையும் ஒரே விதியின் கீழ் வைத்துத் தண்டிக்கும் வழக்கம் 1980-களிலும் 1990-களிலும் அங்கு வேரூன்றியது. அந்த வழக்கத்திற்கு எல்லை எங்கே என்ற கேள்வி, 13 வயது மாணவி ஒருவரின் வழக்காக 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 'சாஃபோர்ட் ஒன்றியப் பள்ளி மாவட்டம் எதிர் ரெடிங்' என்பது அவ்வழக்கின் பெயர். அந்த வழக்கையும், அதற்கு முன்னும் பின்னும் மாணவர் உரிமை வளர்ந்த விதத்தையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

ஆசிரியர் பெற்றோரின் இடத்தில்

ஆங்கிலேயச் சட்ட மரபில் 'இன் லோகோ பேரன்டிஸ்' என்ற இலத்தீன் கோட்பாடு ஒன்று உண்டு. 'பெற்றோரின் இடத்தில்' என்பது அதன் பொருள். தந்தை தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார். எனவே பிள்ளையைக் கண்டிக்கவும் கட்டுப்படுத்தவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று 18-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் விளக்கினார். அமெரிக்க நீதிமன்றங்கள் இக்கோட்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டன. 1837-இல் வட கரோலினா மாநில நீதிமன்றம், நிலைத்த காயம் ஏற்படுத்தாத வரையிலும், உள்நோக்கம் இல்லாத வரையிலும் ஆசிரியரின் தண்டனையில் தலையிடுவதில்லை என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

மாற்றம் 1960-களின் இறுதியில் வந்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்ததற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் வழக்கில் (டிங்கர் எதிர் டெ மாயின், 1969), பள்ளி வாசலைக் கடந்ததும் மாணவர் தம் அரசியலமைப்பு உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது பேச்சுரிமை பற்றிய தீர்ப்பு. தண்டனை பற்றிய தீர்ப்பு ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1971-இல் நடந்த பள்ளிக் கலவரங்களை அடுத்து, மாணவர் பலர் விசாரணை எதுவுமின்றிப் பத்து நாட்கள் வரை இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஒன்பது பேர் தொடுத்த வழக்கில் (காஸ் எதிர் லோபஸ், 1975), ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பத்து நாட்களுக்கு உட்பட்ட குறுகிய இடைநீக்கமானாலும் மாணவர்மீது உள்ள குற்றச்சாட்டு என்ன என்று வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் பள்ளியிடம் உள்ள ஆதாரத்தை விளக்க வேண்டும். தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்த மூன்றும் இன்றும் அமெரிக்க அரசுப் பள்ளி ஒழுங்கு நடவடிக்கையின் அடிப்படையாக உள்ளன. ஆயினும் மாணவர் பக்கமே நீதிமன்றம் எப்போதும் சாய்ந்தது என்று கொள்ளக்கூடாது. 1977-இல், பள்ளியில் பிரம்படி கொடுப்பது அரசியலமைப்பு தடை செய்யும் கொடிய தண்டனை ஆகாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பையைச் சோதிக்கும் அதிகாரம்

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், அரசு அலுவலர் நியாயமின்றி ஒருவரின் உடலையோ உடைமையையோ சோதிப்பதைத் தடை செய்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியரும் அரசு அலுவலர்தாமா, அல்லது பெற்றோரின் இடத்தில் நிற்பவரா என்பது நெடுங்காலம் தீராத கேள்வியாக இருந்தது.

1980-இல் நியூஜெர்சி மாநிலத்தின் பிஸ்காட்டவே உயர்நிலைப் பள்ளியில் 14 வயது மாணவி ஒருவர் கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்டார். அவர் மறுத்தபோது துணை முதல்வர் அவருடைய கைப்பையைத் திறந்து சோதித்தார். சிகரெட்டும், தொடர்ந்து தேடியபோது கஞ்சா விற்றதற்கான அடையாளங்களும் கிடைத்தன. வயது வராதவர் என்பதால் அம்மாணவி முதலெழுத்துகளால் மட்டுமே குறிக்கப்படுகிறார். 'நியூஜெர்சி எதிர் டி.எல்.ஓ.' என்பது வழக்கின் பெயர். 1985-இல் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தது. ஆசிரியர் அரசின் அலுவலரே; நான்காம் திருத்தம் அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் காவல்துறைக்கு வேண்டிய அளவு வலுவான ஆதாரமோ நீதிபதியின் ஆணையோ அவருக்குத் தேவையில்லை. 'நியாயமான சந்தேகம்' போதும்.

அத்தீர்ப்பு வகுத்த சோதனை முறைக்கு இரண்டு படிகள் உண்டு. முதலாவது, தேடலைத் தொடங்க நியாயமான காரணம் இருந்ததா? இரண்டாவது, தேடலின் அளவு அந்தக் காரணத்திற்கு ஏற்றதாக இருந்ததா. மாணவரின் வயது, பாலினம், குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பார்க்கும்போது அது வரம்பு மீறியதா? இந்த இரண்டாம் படிதான் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரு வலி மாத்திரை வழக்கைத் தீர்மானித்தது.

இடைப்பட்ட காலத்தில் பள்ளிகளின் அதிகாரம் விரிந்தது. 1995-இல் விளையாட்டு வீரர்களான மாணவர்களிடமும், 2002-இல் பாடம் சாராப் போட்டிகளில் பங்கேற்கும் எந்த மாணவரிடமும், தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலேயே சிறுநீர்ச் சோதனை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ஜீரோ டாலரன்ஸ் காலம்

போதைப்பொருளுக்கு எதிரான அரசின் போர் பள்ளிகளுக்குள் நுழைந்ததும் இக்காலத்தில்தான். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை வகுப்பறைகளில் தொடங்கிய போதை எதிர்ப்புப் பாடத்திட்டம் நாடெங்கும் பரவியது. 1986-இல் போதையற்ற பள்ளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1994-ஆம் ஆண்டின் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம், கூட்டாட்சி அரசின் நிதி வேண்டுமானால், துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு நீக்கும் சட்டத்தை மாநிலங்கள் இயற்ற வேண்டும் என்றது.

அச்சட்டம் பேசியது துப்பாக்கியைப் பற்றி மட்டுமே. ஆனால் அதன் மனப்பாங்கு பள்ளி மாவட்டங்களின் விதிப்புத்தகங்களில் வேறு பலவற்றுக்கும் நீண்டது. பள்ளி மாவட்டம் என்பது அந்நாட்டில் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு. தனக்கான ஒழுங்கு விதிகளை அதுவே வகுக்கிறது. சூழ்நிலை, நோக்கம், வயது எதையும் பாராமல் விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே குறித்த தண்டனையைக் கொடுப்பது 'ஜீரோ டாலரன்ஸ்' என்று அழைக்கப்பட்டது. 1996-இல் ஒஹாயோவின் ஃபேர்போர்ன் நகரில், மாதவிடாய் வலிக்கான மிடால் என்ற சாதாரண மாத்திரை ஒன்றைத் தோழிக்குக் கொடுத்த மாணவியும் அதை வாங்கிய மாணவியும் இடைநீக்கம் செய்யப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு 2006-இல் இக்கொள்கையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஜீரோ டாலரன்ஸ் பள்ளிகளைப் பாதுகாப்பானவையாக ஆக்கியது என்பதற்குச் சான்று இல்லை என்பதும், ஆசிரியர் தம் அனுபவ அறிவைப் பயன்படுத்த இடம் தரவேண்டும் என்பதும் அதன் முடிவுகள்.

மருந்து விதிக்கான காரணங்கள்

பள்ளிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூடும் இடத்தில் மாத்திரைகள் கைமாறினால் ஒவ்வாமை, அளவுக்கு மிஞ்சிய மருந்து, இரண்டு மருந்துகள் சேர்வதால் வரும் கேடு ஆகியன நேரலாம். வலி நிவாரணிகளையும் கவனக்குறைவு நோய்க்கான மருந்துகளையும் போதைக்காகப் பயன்படுத்தும் பழக்கமும் மாணவரிடையே இருந்தது. விபத்து நேர்ந்தால் வழக்கைச் சந்திப்பது பள்ளி மாவட்டம்.

எனவே பெரும்பாலான மாவட்டங்களில் ஒரே மாதிரியான நடைமுறை உருவாயிற்று. பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். மருத்துவரின் கையெழுத்திட்ட குறிப்பு வேண்டும். மருந்து, கடைக்காரர் ஒட்டிய சீட்டோடு கூடிய அதன் சொந்தப் புட்டியில் இருக்க வேண்டும். செவிலியர் அறையில் பூட்டி வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வேளை மருந்தும் ஏட்டில் பதியப்பட வேண்டும்.

இந்த நடைமுறை கடுமையாகும்போது வேடிக்கையான விளைவுகளும் ஏற்பட்டன. வெயிலில் தோல் கருகாமல் பூசும் சன்ஸ்கிரீன் களிம்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சீட்டின்றி வாங்கும் மருந்தாக வகைப்படுத்துகிறது. அதனால் பல பள்ளிகளில் அதைக் கொண்டுவரவும் மருத்துவர் சீட்டு கேட்கப்பட்டது. 2017-இல் அரிசோனா, யூட்டா, வாஷிங்டன் உள்ளிட்ட மாநிலங்கள் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி மாணவர்க்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று.

சாஃபோர்டில் நடந்தது

அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள சிறு நகரம் சாஃபோர்ட். அங்குள்ள நடுநிலைப் பள்ளியின் விதி, அனுமதி பெறாத எந்த மருந்தையும், அது கடையில் சீட்டின்றி வாங்கியதாயினும், வளாகத்தில் வைத்திருப்பதைத் தடை செய்தது. அப்பள்ளிக்குக் கவலைப்படக் காரணமும் இருந்தது. சக மாணவர் கொடுத்த மாத்திரைகளால் தமக்கு உடல்நலம் கெட்டதாக மாணவர் ஒருவர் நிர்வாகத்திடம் சொல்லியிருந்தார்.

2003 அக்டோபர் 8 அன்று காலை அதே மாணவர் ஒரு வெள்ளை மாத்திரையைத் துணை முதல்வரிடம் கொடுத்து, மதிய உணவு வேளையில் சிலர் இவற்றை விழுங்கத் திட்டமிட்டுள்ளதாகக் கூறினார். அது 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் என்று பள்ளிச் செவிலியர் அடையாளம் கண்டார். நம் ஊரில் புரூஃபன் என்ற பெயரில் பலரும் அறிந்த வலி மாத்திரைதான் அது. அமெரிக்காவில் அந்த அளவு மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மாத்திரையைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட மாணவியைச் சோதித்தபோது மேலும் சில வெள்ளை மாத்திரைகளும், நாப்ராக்சன் என்ற மற்றொரு வலி நிவாரணியின் நீல மாத்திரை ஒன்றும் கிடைத்தன. இவற்றைத் தமக்குத் தந்தவர் எட்டாம் வகுப்பு மாணவி சவானா ரெடிங் என்று அவர் கூறினார்.

கணித வகுப்பிலிருந்து அழைக்கப்பட்ட சவானா குற்றச்சாட்டை மறுத்தார். தம் பையைச் சோதிக்க ஒப்புக்கொண்டார். பையில் எதுவும் இல்லை. பிறகு துணை முதல்வரின் உத்தரவுப்படி, செவிலியர் அறையில் பெண் உதவியாளர் ஒருவரும் செவிலியரும் அவருடைய மேலாடைகளைக் களையச் செய்து, உள்ளாடைகளையும் விலக்கி உதறிக் காட்டச் செய்தனர். மாத்திரை எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பின்னும் சவானா வகுப்புக்கு அனுப்பப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அலுவலகத்திற்கு வெளியே நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். இவ்வளவு நேரத்தில் ஒருமுறைகூட அவருடைய தாய்க்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்படவில்லை. இந்த இரண்டு விவரங்களையும் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் பின்னர்த் தம் தனிக்கருத்தில் சுட்டிக்காட்டினார். பெற்றோரின் இடத்தில் நிற்பதாகச் சொல்லும் பள்ளி, பெற்றோரைக் கேட்கவில்லை.

நீதிமன்றங்களின் பாதை

சவானாவின் தாய் பள்ளி மாவட்டத்தின் மீதும் மூன்று ஊழியர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் பள்ளிக்கு ஆதரவாக முடிவு செய்தது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் 2007-இல் அதை ஏற்றது. ஆனால் 2008-இல் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு அம்முடிவை மாற்றியது. சோதனை நான்காம் திருத்தத்திற்கு எதிரானது. உத்தரவிட்ட துணை முதல்வர் பொறுப்பேற்க வேண்டும் என்றது. பள்ளி மாவட்டம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. சவானாவின் தரப்பில் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் வாதாடியது.

2009 ஏப்ரல் 21 அன்று வாதங்கள் நடந்தன. உடற்பயிற்சி வகுப்பிற்கு உடை மாற்றுவதோடு இதை ஒப்பிடும் கேள்விகளும் அன்று எழுந்தன. அக்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி கின்ஸ்பர்க். தம்முடன் பணிபுரியும் ஆண் நீதிபதிகள் 13 வயதுச் சிறுமியாக இருந்ததில்லை என்றும், அந்த வயது பெண்ணுக்கு எவ்வளவு நுட்பமானது என்பது அவர்களுக்கு முழுமையாக விளங்கவில்லை என்றும் அவர் தீர்ப்புக்கு முன்பே ஒரு நாளிதழ் நேர்காணலில் கூறியது பரவலாகப் பேசப்பட்டது.

தீர்ப்பு

2009 ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் சௌட்டர். சோதனை அரசியலமைப்புக்கு எதிரானது என்று எட்டு நீதிபதிகள் ஒப்பினர், ஒருவர் மறுத்தார்.

சௌட்டரின் வாதம் படிப்படியாகச் செல்கிறது. சக மாணவியின் வாக்குமூலமும் அதற்கு முந்தைய தகவல்களும் சவானாவின் பையையும் மேலாடையையும் சோதிக்கப் போதுமானவை, அதுவரை தவறில்லை. உள்ளாடை வரை செல்வது வேறு வகை. அங்கு தனி நியாயம் வேண்டும். அந்த நியாயம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம்: ஒன்று, தேடும் பொருளின் ஆபத்து; மற்றொன்று, பொருள் அந்த இடத்தில்தான் மறைக்கப்பட்டுள்ளது என்று நம்பக் காரணம். இவ்வழக்கில் இரண்டுமே இல்லை. மாத்திரைகள் சாதாரண வலி நிவாரணிகள் என்பது துணை முதல்வருக்கு முன்பே தெரியும். பெருமளவில் விநியோகம் நடப்பதாகவும் தகவல் இல்லை. உள்ளாடையில் மறைத்திருப்பதாக யாரும் சொல்லவுமில்லை.

உடற்பயிற்சிக்கு உடை மாற்றுவதோடு செய்த ஒப்பீட்டையும் அவர் ஏற்கவில்லை. அது விளையாட்டுக்கு ஆயத்தமாவது. இதுவோ குற்றவாளியாகச் சந்தேகிக்கப்பட்டு உடலைக் காட்டுவது. வளரிளம் வயதில் இந்த அவமானம் ஆழமாகப் பதியும் என்பதையும் தீர்ப்பு கணக்கில் கொண்டது.

எனினும் இழப்பீட்டுக் கேள்வியில் சவானா வெல்லவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அரசு அலுவலர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அவர் செய்த செயல் தவறு என்பது அச்செயலின் போதே சட்டத்தில் தெளிவாக நிலைபெற்றிருந்தால் மட்டுமே அவர் தம் சொந்தப் பொறுப்பில் இழப்பீடு தர வேண்டும். இத்தகைய சோதனைகள் பற்றிக் கீழ் நீதிமன்றங்கள் முரண்பட்ட தீர்ப்புகள் தந்திருந்ததால், 2003-இல் சட்டம் போதிய தெளிவுடன் இல்லை என்று ஏழு நீதிபதிகள் முடிவு செய்தனர். நீதிபதிகள் ஜான் பால் ஸ்டீவன்ஸும் கின்ஸ்பர்க்கும் இதை ஏற்கவில்லை. 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பே போதுமான தெளிவைத் தந்துவிட்டது என்பது அவர்கள் நிலை. பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு பற்றிய கேள்வி கீழ் நீதிமன்றத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

சோதனையே சரி என்று மாறுபட்டவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். எந்த விதி முக்கியம், எது அற்பம் என்று நீதிபதிகள் தரம் பிரிக்கக்கூடாது. மருந்து விதியை மாற்ற விரும்பும் பெற்றோர் பள்ளி வாரியத்தையும் சட்டமன்றத்தையும் நாடலாம். பழைய 'பெற்றோரின் இடத்தில்' கோட்பாட்டுக்கே திரும்ப வேண்டும் என்று அவர் எழுதினார். மாத்திரையை எங்கே மறைத்தால் தப்பலாம் என்பதை இத்தீர்ப்பு மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறது என்றும் எச்சரித்தார். ஆசிரியர் பலரின் கவலையும் அதுவாக இருந்ததால் இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பு அத்தகைய சோதனையை முற்றிலும் தடை செய்யவில்லை. ஆபத்தோ தக்க காரணமோ இருக்க வேண்டும் என்றே சொன்னது. கலிஃபோர்னியா, விஸ்கான்சின், வாஷிங்டன் முதலிய சில மாநிலங்கள்தாம் உடை களைந்த சோதனையைத் தம் சொந்தச் சட்டத்தால் தடுத்துள்ளன.

மறுபக்கம்: மருந்து பெறும் உரிமை

இதுவரை கண்டது மருந்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட மாணவரின் உரிமை. மருந்து தேவைப்படும் மாணவரின் உரிமை தனி வழியில் வளர்ந்தது. 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, கூட்டாட்சி நிதி பெறும் பள்ளிகள் உடற்குறையுள்ளோரை வேறுபடுத்தி நடத்துவதைத் தடை செய்தது. 1984-இல் டெக்சாஸ் மாநிலச் சிறுமி ஒருவரின் வழக்கில், பள்ளி நேரத்தில் அவருக்குத் தேவையான வடிகுழாய்ப் பராமரிப்பைச் செய்வது பள்ளியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மருந்து விஷயத்தில் பள்ளிகளுக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. வழக்கமான உச்ச அளவைத் தாண்டிய ரிட்டலின் மருந்தைக் கொடுக்க மறுத்த மிசூரி மாநிலப் பள்ளி மாவட்டங்கள் 1997-இலும் 1998-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றன. மறுபுறம், 2004-இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறன் கல்விச் சட்டம், இத்தகைய கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை உட்கொண்டால்தான் பள்ளிக்கு வரலாம் என்று பள்ளி நிபந்தனை விதிப்பதைத் தடுத்தது.

பூட்டிய அலமாரி உயிருக்கே உலையாகும் இடம் ஆஸ்துமாவும் கடும் ஒவ்வாமையும். மூச்சு இரைக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர் சில நிமிடங்களில் கிடைக்க வேண்டும். அலுவலக அறைக்குப் போய், சாவி வாங்கி, ஏட்டில் பதிந்து எடுக்க நேரம் இராது. 2012-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 12 வயது மாணவர் ஒருவர் பள்ளியில் வந்த ஆஸ்துமா தாக்குதலால் இறந்தார். விதிப்படி அவருடைய இன்ஹேலர் அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய தாயின் இடைவிடாத முயற்சியால் 2015-இல் 'ரயன் சட்டம்' நிறைவேறியது. மாணவர் இன்ஹேலரைத் தம்முடனே வைத்திருக்க அது வழிசெய்தது.

அமெரிக்காவில் 2004-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், ஆஸ்துமா மருந்தை மாணவர் தாமே வைத்திருக்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நிதியுதவியில் முன்னுரிமை அளித்தது. இன்று 50 மாநிலங்களும் அதை அனுமதிக்கின்றன. கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசியைப் பள்ளிகள் இருப்பில் வைத்திருப்பதை ஊக்குவிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையின்றி, பெற்றோரும் மருத்துவரும் சட்டமன்றங்களை அணுகிப் பெற்ற மாற்றங்கள் இவை. இந்த இடத்தில் மட்டும் தாமஸ் காட்டிய வழியே பலன் தந்தது எனலாம்.

இன்றைய நிலை

அமெரிக்க அரசுப் பள்ளி மாணவரின் உரிமைகளைத் தொகுத்துச் சொன்னால்:

* வீட்டிலிருந்து வரும் மருந்தைக் கட்டுப்படுத்தப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. அனுமதியின்றிக் கொண்டுவந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.
* இடைநீக்கத்துக்கு முன், சூழ்நிலை இடம் தரும் வரையில், குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் கேட்கவும் தம் தரப்பைச் சொல்லவும் மாணவருக்கு உரிமை உண்டு. உடனடி ஆபத்து இருந்தால் முதலில் வெளியேற்றிவிட்டு, விரைவில் விசாரிக்கலாம்.
* பையைத் திறக்க நியாயமான சந்தேகம் வேண்டும். உடை களையச் செய்ய அதைவிட வலுவான காரணம் வேண்டும்.
* உயிர்காக்கும் ஆஸ்துமா மருந்தை, உரிய எழுத்து அனுமதியுடன், தம்முடன் வைத்திருக்க எல்லா மாநிலங்களிலும் வழி உண்டு.
* நான்காம் திருத்தம் அரசுப் பள்ளிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் பள்ளி மாணவர்க்கு மாநிலச் சட்டமும் சேர்க்கை ஒப்பந்தமுமே காப்பு.

சாஃபோர்ட் தீர்ப்பில் கண்ட எண்ணம் மருந்து வழக்கோடு நிற்கவில்லை. 2011-இல், பள்ளி அறையில் காவலரால் விசாரிக்கப்பட்ட 13 வயது மாணவர் ஒருவரின் வழக்கில், அவர் காவலில் இருந்தாரா என்று முடிவு செய்ய அவருடைய வயதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பிள்ளையைப் பிள்ளையாகவே சட்டம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இரு தீர்ப்புகளுக்கும் பொதுவானது.

சவானா ரெடிங்கிடம் அன்று எந்த மாத்திரையும் இல்லை. ஆனால் அவருடைய வழக்கு, மாத்திரை இருந்திருந்தாலும் பள்ளி எதுவரை செல்லலாம் என்பதற்கு ஓர் அளவுகோலை விட்டுச்சென்றது. தேடப்படும் பொருளின் ஆபத்துக்கும் தேடுதலால் பிள்ளைக்கு வரும் காயத்துக்கும் இடையே பொருத்தம் இருக்க வேண்டும் என்பதே அந்த அளவுகோல்.